வற்றல் போடத் தெரியாதவர்கள்

சித்திரை மாதம் எங்கள் தெருவில் எந்த மொட்டைமாடிக்குப் போனாலும் ஏதாவது ஒன்று காய்ந்துகொண்டிருக்கும். மோர்மிளகாய், சுண்டைக்காய், கொத்தவரங்காய், கூழ்வடாம். காக்காய்க்குப் பயம் காட்ட ஒரு கறுப்புக் குடை, காவலுக்கு ஒரு பேரன். ஐப்பசி மழை வருவதற்குள் எல்லாம் டப்பாவுக்குள் போய்விடும். அடுத்த சித்திரை வரை கெடாது. ஃபிரிட்ஜ் வேண்டாம், கரன்ட் வேண்டாம், இன்வெர்ட்டர் வேண்டாம். இதற்காக எந்தப் பாட்டியும் காப்புரிமை கேட்டதாகத் தெரியவில்லை. ஈரம் இருக்கிற இடத்தில்தான் கேடு நடமாடும், ஈரத்தை எடுத்துவிட்டால் அது படுத்துவிடும். இவ்வளவுதான் சங்கதி.

தடுப்பூசிக்கும் இதே சங்கதிதான் என்பது மருத்துவ உலகத்துக்கு 1950களிலேயே தெரியும். தெரிந்து எழுபது வருஷம் ஆகிறது. இந்த எழுபது வருஷத்தில் பெரியவர்கள் பெரும்பாலும் செய்தது ஒன்றுதான்: ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கிறார்கள்.

போன வருஷம் ஒரு புதன்கிழமை, டெல்டா பக்கம் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். கிராம சுகாதாரச் செவிலியர், ஊர் வழக்கில் நர்சம்மா, தடுப்பூசி கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டில் பஸ் இறங்கி அங்கன்வாடி வரைக்கும் நடந்தே வந்திருந்தார். பெட்டிக்குள் நான்கு ஐஸ் பேக். அவற்றை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு உள்ளே அடுக்கிவிட முடியாது. வெளியே வைத்து வேர்க்க விட வேண்டும். பிறகு காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் சளக்கென்று சத்தம் கொடுத்தால்தான் பெட்டிக்குள் போகலாம். ஏனென்றால் அந்தப் பெட்டியில் இருக்கும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி உறைந்தால் செத்தது. பக்கத்திலேயே இருக்கும் தட்டம்மை மருந்து, கரைத்த பிறகு சூடு பட்டால் செத்தது. ஒன்றுக்குக் குளிர் ஆகாது, இன்னொன்றுக்கு வெயில் ஆகாது. இரண்டு சம்பந்திகளையும் ஒரே அறையில் தங்கவைத்த கல்யாண வீடு மாதிரி, அந்த அம்மா காலையிலிருந்து சமாளித்துக்கொண்டிருக்கிறார்.

தட்டம்மை-ரூபெல்லா குப்பியைத் திறந்து, அதற்கென்று குளிர வைத்துக் கொண்டுவந்த நீரைச் செலுத்திக் கரைத்து, குப்பியின் மேல் பேனாவால் 10.40 என்று எழுதினார். “நாலு மணி நேரந்தான் சார். ரெண்டு நாப்பதுக்கு மேல ஒரு சொட்டு போடக் கூடாது.” ஐந்து பேருக்கான மருந்து அது. வந்திருந்த குழந்தைகள் இரண்டு. மூன்றாவது குழந்தையின் அம்மா நடவுக்குப் போயிருந்தார். நர்சம்மா போன் போட்டுப் போட்டுப் பார்த்தார். “அக்கா, ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்கக்கா, திறந்துட்டேன்க்கா.” அக்கா சேற்றில் நின்றுகொண்டிருந்தார்; போன் கரையில் இருந்திருக்கும். 2.40 ஆனது. மீதி மூன்று பேருக்கான மருந்து பெட்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனது, கழிவுக் கணக்கில் சேர. மாதக் கூட்டத்தில் யாராவது ஒரு பெரியவர், “வேஸ்டேஜ் ஏன் கூடுதலா இருக்கு?” என்று அந்த அம்மாவைக் கேட்பார். ஐந்து பேருக்கான குப்பியை ஐந்து குழந்தை இல்லாத ஊருக்கு அனுப்பியது யார் என்று அந்த அம்மா திருப்பிக் கேட்க முடியாது. கேட்டால் அடுத்த மாதம் வேறு ஊர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தட்டம்மை மருந்து ஏற்கெனவே உலர்த்திய மருந்துதான். குப்பிக்குள் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். காசநோய்க்கான பி.சி.ஜி.யும் அப்படித்தான், மஞ்சள்காய்ச்சல் தடுப்பூசியும் அப்படித்தான். அப்படியானால் காய்ந்த மருந்து எதற்கு ஐஸ்பெட்டியில் வருகிறது? ஃபிரிட்ஜில் வைத்துத்தான் விற்கப்போகிறோம் என்று முதலிலேயே முடிவு கட்டி, அந்த அளவுக்கு மட்டும் உலர்த்தினார்கள். உலர்ந்த தட்டம்மை மருந்து 37 டிகிரி சூட்டில் ஒரு வாரம் வீரியம் போகாமல் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. ஒரு வாரம்! என் பாட்டி போட்ட சுண்டைவற்றல் ஒரு வாரத்தில் பூசணம் பிடித்திருந்தால் தாத்தா வீட்டை இரண்டாக்கியிருப்பார்.

முடியாததால் இப்படி ஆகவில்லை. லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் லெஸ்லி கோலியர் என்று ஒரு மனிதர் இருந்தார். பெரியம்மைத் தடுப்பு மருந்து அப்போதெல்லாம் திரவம். கோடை நாளில் நம் ஊருக்கு அனுப்பினால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். குத்திய கைக்கும் பயனில்லை, குத்தினவருக்கும் பயனில்லை. கோலியர் அதில் பெப்டோன் என்ற புரதச் சத்தைச் சேர்த்து, உறைய வைத்து உலர்த்தினார். முறையை 1955இல் அச்சில் போட்டுவிட்டார். பிறகு பெரியம்மை ஒழிப்புக்கு வாங்கும் மருந்து 37 டிகிரியில் நான்கு வாரம் தாங்கியாக வேண்டும் என்று விதி வந்தது. ஐஸ் பெட்டி இல்லாமல் ஒட்டகத்திலும் படகிலும் கால்நடையாகவும் போனது அந்த மருந்து. இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதம், அசாமில். உலகத்திலேயே இயற்கையாகத் தொற்றிய கடைசி ஆள் 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்க்கா ஊரில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையல்காரர். மனிதர்களுக்கு வரும் நோய்களில் இதுவரை உலகத்தை விட்டே துரத்தப்பட்டது இது ஒன்றுதான். துரத்தியது காய்ந்த மருந்து. இந்த வெற்றியைப் பற்றிப் புத்தகம் போட்டார்கள், தபால்தலை போட்டார்கள், தீர்மானம் போட்டார்கள். மற்ற மருந்துகளையும் இதே வீம்போடு உலர்த்தலாமே என்ற ஒரு விஷயத்தை மட்டும் கிடப்பில் போட்டார்கள்.

உலர்த்துவதில் அப்படி என்ன மாயம் என்று கேட்பவர்கள் மரக்காணம் பக்கம் ஈ.சி.ஆரில் ஒரு இறால் குஞ்சு பொரிப்பகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். ஆர்ட்டீமியா என்று டின்னில் அடைத்து வரும். பார்த்தால் பழுப்பு நிறத் தூள். டின் வருஷக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். உப்புத்தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் காற்றை விட்டால் மறுநாள் அதே நேரத்துக்குள் லட்சக்கணக்கான பூச்சிகள் துள்ளும். இறால் குஞ்சுக்கு அதுதான் தீனி. அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு கருமுட்டை; அதற்குள் ட்ரெஹலோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. தண்ணீர் வெளியேறும்போது அந்தச் சர்க்கரை தண்ணீர் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, புரதங்களும் சவ்வுகளும் சுருங்கிக் குலையாமல் பிடித்துக்கொள்கிறது. பாகு இறுகிக் கமர்கட்டு ஆகிற மாதிரி எல்லாம் கண்ணாடியாக உறைந்து நிற்கும். தண்ணீர் பட்டால் விட்ட இடத்திலிருந்து உயிர் தொடரும். இந்த வித்தையை விஞ்ஞானிகள் 1980களிலேயே பிரித்து மேய்ந்துவிட்டார்கள். 2010இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆட்கள், தடுப்பூசிக்குப் பயன்படும் இரண்டு வகை வைரஸ்களைச் சர்க்கரைக் கரைசலில் கலந்து ஒரு மெல்லிய சவ்வில் காயவைத்து, 45 டிகிரியில் ஆறு மாதம் வைத்திருந்து, வீரியம் குறையவில்லை என்று எழுதினார்கள். 45 டிகிரி! அக்னி நட்சத்திரத்தில் வேலூர் கூட ஆறு மாதம் அப்படிக் காயாது.

இறாலின் தீனி அலமாரியில் நிற்கிறது. குழந்தையின் மருந்துக்கு ஐஸ் வேண்டும். இரண்டில் எது ஏற்றுமதி ஆகிறது என்று யோசித்தால் காரணம் புரியும்.

எல்லா மருந்தையும் ஒரே மாதிரி உலர்த்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மருந்தாளுநர் நண்பர் ஒருவர் காலையில் போன் செய்வார். பென்டாவேலன்ட் மாதிரி அலுமினிய உப்பு சேர்ந்த மருந்தை உறைய வைத்தால் உப்பு திரண்டு அடியில் தங்கிவிடும், வீரியம் போய்விடும். அதற்கு வேறு வழிகளைத் தேடியிருக்கிறார்கள். சூடான காற்றில் பீய்ச்சித் தூளாக்குவது ஒன்று. பால் பவுடர் செய்கிற அதே வேலை. கண்சிமிட்டும் நேரத்தில் உறைய வைத்து உலர்த்துவது இன்னொன்று. வெற்றிடத்தில் நுரைக்க வைத்துக் காயவைப்பது மற்றொன்று. ஆய்வுக்கூடத்தில் எல்லாமே தேறுகின்றன. தேறி, கட்டுரையாகி, கட்டுரை எழுதியவர் பேராசிரியராகி, பேராசிரியர் ஓய்வு பெற்று, கட்டுரை மட்டும் நூலகத்தில் கெடாமல் இருக்கிறது. காகிதத்தை உலர்த்துவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

உலர்மருந்துக்குச் சொந்த ஆபத்தும் உண்டு: யாராவது அதைக் கரைக்க வேண்டும். 2014 செப்டம்பரில் சிரியாவின் இட்லிப் பகுதியில், கரைக்கும் நீர் என்று எண்ணித் தசையை முடக்கும் மயக்க மருந்தை ஊற்றிவிட்டார்கள். 15 குழந்தைகள் செத்தன. 2017இல் தெற்கு சூடானில் ஒரே சிரிஞ்சை நான்கு நாள் வைத்துக் கரைத்தார்கள். அங்கேயும் 15 குழந்தைகள். ஆகவேதான் கரைக்கவே வேண்டாத வழியைத் தேடுகிறார்கள். காய்ந்த மருந்தையே முள்ளாக வார்த்து, பட்டன் அளவு ஒட்டுவில்லையாகத் தோலில் அழுத்தினால் முள் தோலுக்குள்ளேயே கரைந்துவிடும். அப்படி ஒரு தட்டம்மை-ரூபெல்லா வில்லையைக் காம்பியாவில் குழந்தைகளுக்கு ஒட்டிப் பார்த்து, ஊசிக்கு ஈடாக இருக்கிறது என்று 2024இல் முடிவை வெளியிட்டார்கள். உள்ளே இருந்த மருந்து புனேயில் செய்தது. ஐந்து பேருக்கான குப்பி இல்லை, 10.40 இல்லை, 2.40 இல்லை. ஒரு குழந்தைக்கு ஒரு வில்லை. அது நம் நர்சம்மாவின் கைக்கு எப்போது வரும் என்று கேட்காதீர்கள். கோப்பு நகரும் வேகத்துக்கு இயற்பியலில் இன்னும் சூத்திரம் இல்லை.

எனக்கு வயிறு எரிகிற இடம் ஆய்வுக்கூடம் இல்லை, லேபிள். ஆப்பிரிக்காவின் மூளைக்காய்ச்சலுக்காகவே செய்த மென்ஆஃப்ரிவாக் என்ற தடுப்பூசி. செய்தது நம் சீரம் இன்ஸ்டிட்யூட். அறிமுக விலை அரை டாலருக்கும் கீழே. உறைய வைத்து உலர்த்திய மருந்து. 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் போட ஆரம்பித்தார்கள், வழக்கம் போல 2 முதல் 8 டிகிரியில், ஐஸ் சுமந்து. பிறகு சோதனைக் கணக்குகளைப் பார்த்துவிட்டு 2012இல் லேபிளை மாற்றினார்கள்: 40 டிகிரி வரை நான்கு நாள் வெளியே இருக்கலாம். அதே வருஷம் நவம்பரில் பெனின் நாட்டில் ஐஸ் இல்லாமல் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள். கவனியுங்கள், மருந்தில் ஒரு துளி மாற்றவில்லை. 2010இல் இருந்த மருந்தும் 2012இல் இருந்த மருந்தும் ஒன்றே. முதல் நாளிலிருந்தே அது வெயிலைத் தாங்கும் மருந்து. தாங்கும் என்று எழுதுவதற்குத்தான் இரண்டு வருஷம். அதுவரை மனிதர்கள் தாங்கும் மருந்துக்கு ஐஸ் சுமந்தார்கள். இன்னும் எத்தனை குப்பிகளின் மேல் இப்படி ஒரு பழைய பொய் ஒட்டியிருக்கிறது? ஒரு வரி மாற்ற வேண்டுமானால் புதிதாகச் சோதனை, புதிதாக அனுமதி, புதிதாகச் செலவு. கம்பெனி செலவழிக்காது, ஏனென்றால் அந்த வரியால் லாபம் கம்பெனிக்கு இல்லை, ஐஸ் சுமக்கிறவருக்கு. ஐஸ் சுமக்கிறவரின் தோள்வலிக்கு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் தலைப்பு கிடையாது.

இதைச் சொன்னால் “குளிர்ச்சங்கிலிதான் கட்டியாகிவிட்டதே” என்பார்கள். ஆமாம், கட்டிவிட்டீர்கள். வாக்-இன் கூலர், ஐ.எல்.ஆர். என்ற ஐஸ் சுவர் ஃபிரிட்ஜ், ஜெனரேட்டர், வேன், வேனுக்கு டீசல், டீசலுக்குப் பில், பில்லுக்கு ஆடிட். குப்பியில் ஒட்டுகிற வில்லையைக்கூட விடவில்லை. வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம். சூடு ஏற ஏறச் சதுரம் கறுத்து, வட்டத்தின் நிறத்தைத் தொட்டால் மருந்து போய்விட்டது என்று அர்த்தம். 1996இல் போலியோச் சொட்டுக் குப்பிகளில் வந்தது. நல்ல கண்டுபிடிப்பு, ஆயிரம் கும்பிடு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: மருந்து செத்துவிட்டது என்று துக்கச் செய்தி ஒட்டுவதற்கு உலகமே ஒன்று கூடிவிட்டது. சாகாமல் இருக்கச் சர்க்கரை போடுவதற்கு மட்டும் நிதி ஒதுக்கீடு பரிசீலனையில் இருக்கிறது.

கொரோனா வந்தபோது கூத்து இன்னும் தெளிவானது. பணக்கார நாடுகளுக்கு முதலில் போன ஃபைசர் மருந்துக்கு மைனஸ் 70 டிகிரி வேண்டும். அதை உலர்பனியில் புதைத்து அனுப்பினார்கள். பனிக்கட்டியை உலர்த்தத் தெரிந்தவர்களுக்கு மருந்தை உலர்த்தத் தெரியவில்லை! வாங்குகிறவர்களிடம் மைனஸ் 70 ஃப்ரீசர் இருந்தது. அப்புறம் எதற்கு மெனக்கெட வேண்டும்? உலர்ந்த வடிவத்தைச் சோதித்துப் பார்க்க அந்தக் கம்பெனிக்கே 2021 ஏப்ரல்தான் நேரம் கிடைத்தது. நம் புனேயில் ஜென்னோவா கம்பெனி அதே எம்.ஆர்.என்.ஏ. வகை மருந்தை உலர்த்தி, சாதாரண ஃபிரிட்ஜில் வைக்கிற மாதிரி செய்து காட்டியது. 2022 ஜூனில் அனுமதி கிடைத்தது. அதற்குள் ஜனங்கள் மூன்றாவது அலையையும் பார்த்துவிட்டார்கள். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் 37 டிகிரியில் ஒரு மாதமும் 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரமும் தாங்குகிற ஒன்றை உருவாக்கி 2021இல் செய்தி ஆனார்கள். இட்லிப் பானையில் வைத்து எடுத்தாலும் வேகாத மருந்து. செய்தியோடு நின்றது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டு அரசுக்கும் உலர்த்தத் தெரியும். மருந்தை இல்லை, மருந்து செய்கிற இடத்தை. உறைய வைத்து உலர்த்தும் முறையைப் பாடப்புத்தகம் எப்படிச் சொல்கிறதோ அப்படியே, ஒரு படி பிசகாமல் செய்தார்கள்.

முதல் படி, உறைய வைத்தல். 2008 ஜனவரியில் கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் மூன்றின் உற்பத்தி உரிமத்தையும் ஒரே மூச்சில் நிறுத்தினார்கள். ஏழைக் குழந்தைகளுக்கு அரசு இலவசமாகப் போடுகிற அடிப்படைத் தடுப்பூசிகளில் பெரும்பகுதியைச் செய்துகொண்டிருந்த மூன்று பொதுத்துறை இடங்கள். நல்ல உற்பத்தி முறை இல்லை என்பது குற்றச்சாட்டு. குறை இருந்தது, மறுக்கவில்லை. கட்டடம் பழசு, கருவி பழசு. மாற்றிக் கொடுக்க வேண்டியது யார்? அதே அரசு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினார்கள், கொளுத்தியவரே வீட்டுக்காரர்.

இரண்டாம் படி, வெற்றிடம். ஆளை நிரப்பாமல் விட்டால் வெற்றிடம் தானாக உண்டாகும், பம்பு வேண்டாம். மூன்றாம் படியில் பனி திரவமாகாமலே நேராக ஆவியாகிவிட வேண்டும். கிருமியை வளர்க்கும் கைப்பக்குவம் அப்படித்தான் போகும், கோப்பில் எந்தத் தடமும் வைக்காமல். இந்த இடைவெளியில் தடுப்பூசி தட்டுப்பாடு வந்தது, தனியாரிடம் வாங்கினார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 பிப்ரவரியில் நிறுத்தத்தை விலக்கிக்கொண்டார்கள். அதாவது தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றியதும் எழுந்து நிற்க வேண்டுமே? உலர்த்துவதற்கு முன்னால் சர்க்கரை போட்டிருந்தால் நிற்கும். ஆளும் பணமும் கருவியுமாகிய அந்தச் சர்க்கரையைத்தான் போட மறந்துவிட்டார்கள்.

சர்க்கரைக்குப் பதிலாகச் செங்கல் வாங்கினார்கள். செங்கல்பட்டில் 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். 2012இல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல். கட்டடம் எழுந்தது, கருவிகள் வந்தன. கொரோனாவின் இரண்டாவது அலையில் மக்கள் தடுப்பூசிக்காக விடிகாலையில் வரிசையில் நின்றபோது, அங்கிருந்து ஒரு குப்பிகூட வெளியே வரவில்லை. 2021 மே மாதம் முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, எங்களிடமாவது குத்தகைக்குக் கொடுங்கள் என்று டெல்லிக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. உலகத்திலேயே மிக வெற்றிகரமாக உலர்த்தப்பட்ட தடுப்பூசித் தொழிற்சாலை அது. 40 டிகிரியிலும் கெடாது. எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் உள்ளே எதுவும் நடக்காது.

இவ்வளவும் நடந்த நாட்டில் உலர்த்தும் வித்தை தெரியாதவர்கள் யாரும் இல்லை என்பதுதான் கொடுமை. 1960களில் பெரியம்மை ஒழிப்புக்கு உலர்மருந்து வேண்டும் என்றபோது, சோவியத் யூனியன் அனுப்பியது போக, நாமே செய்தோம். கோலியரின் அதே முறைதான். வெயில் தாங்கும் மருந்து, ஐஸ் கேட்காத மருந்து, அரசாங்கச் சம்பளம் வாங்கியவர்கள் அரசாங்கக் கட்டடத்தில் செய்த மருந்து. நாட்டில் நான்கு இடங்களில் செய்தார்கள்: பட்வாடங்கர், ஐதராபாத், பெல்காம், கிண்டி.